ஜெர்மனியில் குடியேற எந்த விசா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜெர்மனிக்கு வேலைக்குப் போய் அங்கேயே குடியேற நினைக்கும் நம் ஊர்ப் பிள்ளைகளும் அவர்களுடைய பெற்றோரும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். அந்த நாட்டின் குடியேற்றச் சட்டம் 2023 நவம்பர் தொடங்கி 2024 ஜூன் வரை படிப்படியாக மாறியது. அதற்கு முந்தைய தகவல்கள்தான் வாட்ஸாப்பில் இன்னும் சுற்றுகின்றன. தொகைகள் ஆண்டுக்கு ஆண்டு மாறும் என்பதால், எந்த ஆண்டுக்குரியது என்று பக்கத்திலேயே குறித்திருக்கிறேன்.

எந்த விசா சுலபமாகக் கிடைக்கும்?

விசாவின் பெயரில் தொடங்காதீர்கள். உங்கள் கையில் என்ன இருக்கிறது என்று முதலில் பாருங்கள். ஜெர்மனி ஏற்றுக்கொள்ளும் படிப்பு, அங்குள்ள ஒரு கம்பெனி கொடுத்த வேலை ஒப்பந்தம், ஜெர்மன் மொழி ஆகிய மூன்றில் எது இருக்கிறது, எது இல்லை என்பதுதான் உங்கள் விசாவை முடிவு செய்கிறது.

பட்டமும் ஒப்பந்தமும் இருந்தால் ப்ளூ கார்டு (குறிப்பிட்ட அளவு சம்பளம் வாங்குபவர்களுக்கான வேலை அனுமதி), சம்பளம் அதற்கு எட்டாவிட்டால் திறன்பணியாளர் விசா. பட்டம் உண்டு, வேலை இல்லை என்றால் 'சான்சன்கார்ட்டே' என்ற ஆப்பர்ச்சூனிட்டி கார்டு. பிளஸ் டூ முடித்து ஜெர்மன் பி1 வரை படித்தவருக்கு (மொழித் தரம் ஏ1, ஏ2, பி1, பி2, சி1, சி2 என்று படிப்படியாக ஏறும்) 'அவுஸ்பில்டுங்' என்ற தொழிற்பயிற்சி. மூன்றில் ஒன்றுமே இல்லாதவருக்கு இப்போதைக்கு விசா கிடையாது, மொழி வகுப்புதான் உண்டு. கேட்கக் கஷ்டமாக இருந்தாலும், இதை ஒளிக்காமல் சொல்பவர்தான் உங்களுக்கு நல்லது செய்கிறார்.

என் டிகிரி அங்கே செல்லுமா?

இதைத் தெரிந்துகொள்ள யாருக்கும் காசு கொடுக்க வேண்டாம். 'அனாபின்' என்று ஜெர்மன் அரசின் இணையத் தரவுத்தளம் ஒன்று இருக்கிறது. பக்கம் ஜெர்மன் மொழியில்தான் இருக்கும், பிரவுசரிலேயே மொழிபெயர்த்துக்கொள்ளலாம். அதில் இரண்டு இடங்களில் தேட வேண்டும். முதலில் கல்வி நிறுவனம்: உங்கள் பட்டச் சான்றிதழில் எந்தப் பல்கலைக்கழகத்தின் முத்திரை இருக்கிறதோ அந்தப் பெயரைத் தேடுங்கள். பெயருக்கு எதிரே 'எச் பிளஸ்' என்று இருந்தால் அது அங்கீகரிக்கப்பட்ட நிறுவனம். 'எச் பிளஸ் மைனஸ்' என்றால் சில படிப்புகள் ஏற்கப்படும், சில ஏற்கப்படாது. அடுத்து பட்டம்: பி.இ., எம்.எஸ்சி. என்று உங்கள் படிப்பைத் தேடிப் பார்த்தால் ஜெர்மன் பட்டத்துக்குச் சமமா, நிபந்தனையோடு சமமா என்று போட்டிருக்கும். இரண்டு பக்கங்களையும் பிரிண்ட் எடுத்து வையுங்கள். விண்ணப்பத்தோடு அதைத்தான் கேட்பார்கள்.

தேடிப் பார்த்தும் பெயர் இல்லையென்றாலோ, பட்டத்துக்கு எதிரே தெளிவான பதில் இல்லையென்றாலோ, போன் நகரில் இருக்கும் இசட்.ஏ.பி. என்ற அலுவலகத்துக்குக் கட்டணம் கட்டி உங்கள் பட்டத்தை மதிப்பிடச் சொல்லலாம். மூன்று வருடப் பட்டக்காரர்கள் இந்தச் சோதனையை வேலை தேடுவதற்கு முன்பே செய்துவிடுவது நல்லது. ஒப்பந்தம் கையில் வந்த பிறகு பட்டம் சிக்கிக்கொண்டால் அந்தக் கம்பெனி உங்களுக்காக மாதக்கணக்கில் காத்திருக்காது.

டாக்டர், நர்ஸ், ஆசிரியர், வக்கீல் போன்ற தொழில்களுக்கு அனாபின் பிரிண்ட் போதாது. அவற்றுக்குத் தனி அனுமதி வேண்டும். டாக்டர்கள் மருத்துவ மொழித் தேர்வும் எழுத வேண்டும், அது சி1 தரத்தில் இருக்கும்.

ப்ளூ கார்டுக்கு எவ்வளவு சம்பளம் வேண்டும்?

2025-இல் ஆண்டுக்கு 48,300 யூரோ. 2026-இல் 50,700. ஆள் பற்றாக்குறை உள்ள தொழில்களுக்கும், பட்டம் வாங்கி மூன்று ஆண்டுகளுக்குள் இருப்பவர்களுக்கும் இது குறைவு: 2025-இல் 43,759.80, 2026-இல் 45,934.20. இன்ஜினியர்கள், ஐடி துறையினர், டாக்டர்கள் பற்றாக்குறைப் பட்டியலில் இருக்கிறார்கள். ஜெர்மனியின் ஓய்வூதியக் காப்பீட்டு வரம்பின் சதவீதமாக வைத்திருப்பதால்தான் இந்த எண் ஒவ்வொரு ஜனவரியும் ஏறுகிறது. டிசம்பரில் ஒப்பந்தம் போட்டு ஜனவரியில் விண்ணப்பிப்பவர்கள் கவனம். வரம்பை ஒட்டி, ஐம்பது நூறு யூரோ கூடுதலாக மட்டும் சம்பளம் பேசியிருந்தால் புத்தாண்டில் அது வரம்புக்குக் கீழே போய்விடும்.

இவையெல்லாம் பிடித்தத்துக்கு முந்தைய சம்பளம். 48,300 வாங்கும் தனி ஆளுக்கு வரி, மருத்துவக் காப்பீடு, ஓய்வூதியம் எல்லாம் போக மாதம் 2,600 யூரோ வாக்கில் கைக்கு வரும். அதைத் தொண்ணூறு, நூறால் பெருக்கி லட்சக்கணக்கு போடுவதற்கு முன், மியூனிக்கில் ஒரு அறை வீட்டு வாடகை என்னவென்று பார்த்துவிடுங்கள்.

சம்பளம் அந்த அளவு இல்லை. வழி இருக்கிறதா?

இருக்கிறது. திறன்பணியாளர் விசாவுக்குப் பொதுவாகக் குறைந்தபட்சச் சம்பளம் என்று ஒரு எண் இல்லை. அதே வேலை பார்க்கும் ஜெர்மன்காரருக்குக் கொடுப்பதற்குக் குறையாமல் கொடுக்கிறார்களா என்று வேலைவாய்ப்பு அலுவலகம் பார்க்கும். 45 வயதைத் தாண்டி முதல்முறையாகப் போகிறவர்களுக்கு மட்டும் ஒரு வரம்பு உண்டு: 2025-இல் 53,130 யூரோ, அல்லது முதுமைக்குப் போதுமான ஓய்வூதிய ஏற்பாடு இருப்பதற்கு ஆதாரம். படித்த பாடமும் செய்யும் வேலையும் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற பழைய கட்டாயம் 2023 நவம்பரோடு போய்விட்டது. மெக்கானிக்கல் படித்தவர் லாஜிஸ்டிக்ஸ் வேலைக்கும் இந்த விசாவில் போகலாம்.

நான் டிகிரி முடிக்கவில்லை, டிப்ளமோதான். ஐடியில் வேலை செய்கிறேன்.

உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டிய வழிகள் இரண்டு. கடந்த ஏழு ஆண்டுகளில் மூன்று ஆண்டு ஐடி அனுபவம் இருந்தால், பட்டம் இல்லாமலே ப்ளூ கார்டுக்கு விண்ணப்பிக்கலாம். குறைந்த வரம்புச் சம்பளம் போதும். அனுபவம் பட்டதாரிகள் செய்யும் வேலைக்கு ஈடாக இருக்க வேண்டும். அதனால் வெறும் அனுபவச் சான்றிதழ் போதாது, என்னென்ன வேலை செய்தீர்கள் என்று விவரமாக எழுதிய கடிதத்தைப் பழைய கம்பெனிகளிடம் இப்போதே கேட்டு வாங்கி வையுங்கள்.

மற்றது அனுபவத்தை வைத்துப் போகும் விசா. இந்திய அரசு அங்கீகரித்த இரண்டாண்டுப் படிப்பாவது வேண்டும், கடந்த ஐந்து ஆண்டுகளில் இரண்டு ஆண்டு அதே துறையில் அனுபவம் வேண்டும், சம்பளம் 2025 கணக்கில் 43,470 யூரோ. நம் ஊர்ப் பாலிடெக்னிக் பிள்ளைகளுக்குப் பொருந்தக்கூடிய வழி இது. இதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை என்பது எனக்கு வருத்தம்.

ஆப்பர்ச்சூனிட்டி கார்டு என்றால் என்ன? ஆறு பாயிண்ட் எப்படிச் சேரும்?

வேலை இல்லாமலே போய், ஒரு வருடம் வரை அங்கே தங்கி வேலை தேடுவதற்கான அனுமதி. 2024 ஜூன் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. பாயிண்ட் வழியில் உள்ளே நுழையவே இரண்டு விஷயம் வேண்டும்: சொந்த நாட்டில் அரசு அங்கீகரித்த பட்டமோ இரண்டாண்டுத் தொழிற்படிப்போ ஒன்று, ஜெர்மன் ஏ1 அல்லது ஆங்கிலம் பி2 இன்னொன்று. அதற்குமேல்தான் பாயிண்ட் கணக்கு, குறைந்தது ஆறு வேண்டும்.

கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் 29 வயது மெக்கானிக்கல் இன்ஜினியர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். 35 வயதுக்குள் என்பதால் 2. கடந்த ஐந்து ஆண்டுகளில் தன் துறையில் இரண்டு ஆண்டு அனுபவம், 2. ஜெர்மன் ஏ2 முடித்திருந்தால் 1. ஐஇஎல்டிஎஸ்-இல் 7 வாங்கியிருந்தால் ஆங்கிலம் சி1 தரம், 1. ஆறு வந்துவிட்டது. பற்றாக்குறைத் தொழில் என்பதால் இன்னொன்றும் சேரும். அவருடைய அண்ணனுக்கு வயது 37 என்றால் வயதுக்கு 1 தான் கிடைக்கும். ஆனால் ஏழு ஆண்டுகளில் ஐந்து ஆண்டு அனுபவம் காட்டினால் 3. ஜெர்மன் பி1 என்றால் 2, பி2 என்றால் 3. நாற்பதைத் தாண்டியவருக்கு வயதுக்குப் பாயிண்ட் இல்லை, கதவு மட்டும் மூடவில்லை.

செலவுக்குப் பணம் காட்ட வேண்டும். 2025-இல் மாதத்துக்கு 1,091 யூரோ, ஒரு வருடத்துக்கு 13,092. இதை ப்ளாக்டு அக்கவுண்டில் போட்டால் மாதாமாதம் அந்தத் தொகை மட்டும்தான் வெளியே வரும். அங்கே வாரம் 20 மணி நேரம் பகுதிநேர வேலை செய்யலாம். ஒரு கம்பெனியில் இரண்டு வாரம் வரை சோதனையாக வேலை பார்த்தும் காட்டலாம். நல்ல வேலை கிடைத்தால் ஊருக்குத் திரும்பாமல் அங்கேயே ப்ளூ கார்டுக்கோ திறன்பணியாளர் அனுமதிக்கோ மாற்றிக்கொள்ளலாம்.

அப்படியென்றால் அந்தக் கார்டிலேயே போய்விடலாமா?

நகை அடகு வைத்தோ வட்டிக்கு வாங்கியோ அந்தப் பணத்தைப் புரட்டுகிறீர்கள் என்றால், வேண்டாம் என்றுதான் சொல்வேன். பாயிண்ட் ஆறு சேர்ந்தால் விசா கிடைக்கலாம், வேலைக்கு யாரும் பாயிண்ட் பார்ப்பதில்லை. பெர்லினிலும் மியூனிக்கிலும் ஐடி கம்பெனிகள் ஆங்கிலத்தில் ஆள் எடுக்கும். உற்பத்தித் துறையில், அதிலும் சின்ன ஊர்களில் இருக்கும் தொழிற்சாலைகளில், இன்டர்வியூவே ஜெர்மனில்தான் நடக்கும். ஏ1 படித்துவிட்டுப் போன மெக்கானிக்கல் பையன் சாப்பாடு டெலிவரி செய்துகொண்டே ஒரு வருடத்தைக் கழித்துவிட்டுத் திரும்பி வந்தால் வீட்டில் கடன் மட்டும் மிஞ்சும்.

பி1 முடியுங்கள், ஊரிலிருந்தே ஆறு மாதம் விண்ணப்பித்துப் பாருங்கள். இன்டர்வியூ அழைப்புகள் வந்து, நேரில் இல்லை என்ற ஒரே காரணத்தால் தட்டிப்போகிறது என்றால் அப்போது இந்தக் கார்டு உண்மையிலேயே உதவும்.

விசிட் விசாவில் போய் வேலை தேடினால்?

இன்டர்வியூவுக்குப் போகலாம். வேலை கிடைத்தாலும் அங்கேயே வேலை விசாவாக மாற்ற முடியாது, இந்தியா திரும்பி வந்துதான் விண்ணப்பிக்க வேண்டும்.

நர்ஸ்களுக்கு எப்படி?

தேவை மிக அதிகம், வழியும் தெளிவாக இருக்கிறது, பொறுமைதான் நிறைய வேண்டும். பி.எஸ்சி. நர்சிங், ஜி.என்.எம். இரண்டு பேரும் விண்ணப்பிக்கலாம். வேலை செய்யப்போகும் மாநிலத்தின் அலுவலகம் உங்கள் பாடத்திட்டத்தை ஜெர்மன் பாடத்திட்டத்தோடு ஒப்பிட்டு, எந்தெந்தப் பகுதி குறைகிறது என்று எழுதிக் கொடுக்கும். அந்தக் குறையை அங்கே போய்ப் பயிற்சி வகுப்பிலோ தேர்விலோ சரிசெய்யலாம். அதுவரை உதவியாளராக வேலையும் சம்பளமும் உண்டு. அங்கீகாரம் கிடைக்க மொழி பொதுவாக பி2 தேவைப்படும்.

தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978 முதல் இயங்குகிறது. ஜெர்மனிக்கு நர்ஸ்களை எடுக்கும் அறிவிப்புகளும் அங்கே வருகின்றன. தனியார் ஏஜென்டைத் தேடுவதற்கு முன் அங்கே ஒருமுறை விசாரியுங்கள். நர்சிங் படிக்காத பிளஸ் டூ பிள்ளைகளுக்கு மூன்றாண்டு அவுஸ்பில்டுங் இருக்கிறது. அரசு மருத்துவமனைகளில் முதல் ஆண்டிலேயே மாதம் 1,300 யூரோவுக்கு மேல் பயிற்சிச் சம்பளம் தருகிறார்கள்.

படிக்கப் போய் அப்படியே தங்கிவிடலாமா?

சட்டம் அதை வரவேற்கவே செய்கிறது. படிப்பு முடிந்ததும் வேலை தேட 18 மாதம் தருகிறார்கள். படிக்கும்போது ஆண்டுக்கு 140 முழு நாட்கள் வேலை செய்யலாம். விசாவுக்கு முன் ஏபிஎஸ் சான்றிதழ் (உங்கள் கல்விச் சான்றிதழ்களைச் சரிபார்த்துத் தருவது) வாங்க வேண்டும், இந்திய மாணவர்களுக்கு 2022 நவம்பர் முதல் இது கட்டாயம். ப்ளாக்டு அக்கவுண்டில் 2025-இல் ஆண்டுக்கு 11,904 யூரோ காட்ட வேண்டும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் கல்விக்கட்டணமே கிடையாது, ஆனால் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் மாணவர்களுக்குப் பருவத்துக்கு 1,500 யூரோ. 'ஜெர்மனியில் அட்மிஷன்' என்று சொல்லி வருடத்துக்குப் பத்து லட்சம் கேட்டால் அது தனியார் கல்லூரி. சேர்வதற்கு முன் அதன் பெயரையும் அனாபினில் போட்டுப் பாருங்கள்.

கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள், அப்பா அம்மா?

ப்ளூ கார்டு வைத்திருப்பவரின் துணைக்கு ஜெர்மன் தேர்வு தேவையில்லை. வந்த நாளிலிருந்து எந்த வேலையும் செய்யலாம். தேர்வு இல்லை என்பதற்காக மொழி படிக்காமல் வந்துவிட வேண்டாம். பகல் முழுக்க வீட்டில் தனியாக, டாக்டரிடம் குழந்தைக்கு என்ன என்று சொல்லத் தெரியாமல் நிற்பது பெரும்பாலும் மனைவிதான். ஆப்பர்ச்சூனிட்டி கார்டை நம்பிக் குடும்பத்தோடு கிளம்பாதீர்கள், அது தனி ஆளுக்கானது.

திருமணச் சான்றிதழ் என்றால் சார்பதிவாளர் அலுவலகத்துச் சான்றிதழ். தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு கட்டாயம் என்றாலும் கோயில் ரசீதும் பத்திரிகையும் மட்டும் வைத்திருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

2024 மார்ச் 1 அன்றோ அதற்குப் பிறகோ முதல்முறையாக அனுமதி பெற்ற திறன்பணியாளர்கள் பெற்றோரையும் அழைத்துக்கொள்ள சட்டத்தில் இடம் வந்திருக்கிறது. ஆனால் அவர்களுக்கு முழு மருத்துவக் காப்பீடு காட்ட வேண்டும். அறுபது வயதுக்கு மேல் புதிதாக வருபவருக்குப் போதுமான காப்பீடு கிடைப்பதுதான் பெரிய தடை. இதைக் கணக்கில் வைத்துத்தான் அப்பா அம்மாவிடம் வாக்குக் கொடுக்க வேண்டும்.

சான்றிதழ்களுக்கு அப்போஸ்டில் போட வேண்டுமா?

அப்போஸ்டில் என்பது வெளிநாட்டில் காட்டுவதற்காக ஆவணத்துக்கு அரசு போடும் சான்று முத்திரை. ஜெர்மனிக்கு இந்திய அப்போஸ்டில் செல்லாது. அப்போஸ்டில் உடன்படிக்கையில் இந்தியா சேர்ந்தபோது ஜெர்மனி ஆட்சேபம் தெரிவித்தது. தேவைப்பட்டால் தூதரகம் தன் வழக்கறிஞர் மூலம் உங்கள் ஆவணத்தை நேரடியாக விசாரித்துச் சரிபார்க்கும், அதற்குத் தனிக் கட்டணம். இது தெரியாமல் சான்றிதழுக்கு இவ்வளவு என்று ஏஜென்சிக்குக் கொடுத்து ஏமாறுபவர்களைப் பார்க்கும்போது மனசு கேட்பதில்லை.

அதைவிட முக்கியம் பெயர். மார்க் ஷீட்டில் 'எஸ். கார்த்திக்', பாஸ்போர்ட்டில் 'கார்த்திக் சுப்பிரமணியன்', அனுபவக் கடிதத்தில் வெறும் 'கார்த்திக்' என்று இருந்தால் மூன்றும் ஒரே ஆள்தான் என்று நம் ஊர்க்காரருக்குப் புரியும். இனிஷியல் வழக்கமே தெரியாத அதிகாரிக்குப் புரியாது. பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர்க் கட்டம் காலியாக இருந்தால், வேலை தேடத் தொடங்கும் முன்பே திருத்தி வாங்கிக்கொள்ளுங்கள்.

ஏஜென்ட் மூன்று லட்சம் கேட்கிறார். கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். 1983-ஆம் ஆண்டு குடியேற்றச் சட்டப்படி, வெளிநாட்டுக்கு ஆள் எடுக்கும் ஏஜென்ட் மத்திய அரசிடம் பதிவு செய்திருக்க வேண்டும். வேலைக்குப் போகிறவரிடம் அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாய், அதோடு ஜிஎஸ்டி. அவ்வளவுதான். பதிவு எண்ணை மத்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் சரிபார்க்கலாம். ஜெர்மனியில் நீண்டகாலம் தங்குவதற்கான தேசிய விசாவின் கட்டணம் 75 யூரோ மட்டும். 'எம்பசியில் ஆள் இருக்கிறார்', 'ஸ்லாட் வாங்கித் தருகிறேன்', 'மொழியே தேவையில்லை' என்ற மூன்றில் ஒன்றைக் கேட்டாலும் எழுந்து வந்துவிடுங்கள். பாஸ்போர்ட்டை மட்டும் யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள்.

விசா மறுத்துவிட்டால் மறுபரிசீலனை கேட்கலாமா?

முன்பு தூதரகத்துக்கே கடிதம் எழுதி மறுபரிசீலனை கேட்க முடிந்தது. 2025 ஜூலை 1 முதல் அந்த வழி உலகம் முழுக்க நிறுத்தப்பட்டுவிட்டது. இப்போது குறையைச் சரிசெய்து புதிதாக விண்ணப்பிக்கலாம், அல்லது ஒரு மாதத்துக்குள் பெர்லின் நிர்வாக நீதிமன்றத்தில் வழக்குப் போடலாம். ஆவணக் குறைபாட்டால் மறுக்கப்பட்டிருந்தால் புதிய விண்ணப்பம்தான் சீக்கிரம் முடியும். அவசரமான வேலையென்றால், கம்பெனியே அங்குள்ள வெளிநாட்டவர் அலுவலகத்தில் 411 யூரோ கட்டி விரைவு நடைமுறையில் விண்ணப்பிக்கலாம். ஒப்பந்தம் பேசும்போதே இதைக் கேளுங்கள்.

என் சித்தப்பா யாழ்ப்பாணத்திலிருந்து 80-களில் போய் அங்கே தங்கிவிட்டார். அதே வழி இப்போதும் உண்டா?

அவர் போருக்குத் தப்பி அகதியாகப் போனவர். அவரைப் போன்றவர்கள் வேரூன்றிய நாடு அது. ஹாம் நகரத்துக் காமாட்சி அம்பாள் கோயிலுக்கு 2002-இல் குடமுழுக்கு நடத்தியவர்களும் அவர்கள்தான். உயிருக்கு ஆபத்து இருப்பவருக்கான அந்தப் பாதுகாப்பை, வேலை தேடிப் போகிறவர் குறுக்குவழியாக எடுத்தால் மனு தள்ளுபடியாகும். அந்த மறுப்பு பின்னால் முறையான விசாவுக்கும் தடையாக நிற்கும். சித்தப்பா இருக்கிறார் என்பதற்காகத் தனி விசா இல்லை. தங்க இடமும் மொழி பழக ஆளும் கிடைப்பார்கள், அதுவே பெரிய உதவி.

நிரந்தர அனுமதியும் குடியுரிமையும் எப்போது?

ப்ளூ கார்டில் 27 மாதம் வேலை செய்தால் நிரந்தர அனுமதி கேட்கலாம். ஜெர்மன் பி1 இருந்தால் 21 மாதமே போதும். திறன்பணியாளர் விசாவில் மூன்று ஆண்டு. குடியுரிமைக்கு ஐந்து ஆண்டு, பி1, அதோடு 33 கேள்விகள் கொண்ட தேர்வில் 17 சரியாக இருக்க வேண்டும். மூன்றே ஆண்டில் குடியுரிமை என்று முன்பு இருந்த சலுகையை 2025-இல் எடுத்துவிட்டார்கள். ஜெர்மனி 2024 முதல் இரட்டைக் குடியுரிமையை அனுமதிக்கிறது, இந்தியா அனுமதிப்பதில்லை. ஜெர்மன் பாஸ்போர்ட் வாங்கினால் இந்திய பாஸ்போர்ட்டை ஒப்படைத்துவிட்டு ஓசிஐ அட்டைக்கு (வேறு நாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கானது) விண்ணப்பிக்க வேண்டும். ஊரில் விவசாய நிலம் வாங்கும் எண்ணம் உள்ளவர்கள் முதலிலேயே யோசியுங்கள், ஓசிஐ அட்டையில் அது முடியாது. ஏற்கெனவே இருக்கும் நிலமும் வாரிசாக வருவதும் பிரச்சினை இல்லை.

சரி, இப்போது முதலில் என்ன செய்ய வேண்டும்?

இன்று இரவே அனாபினில் உங்கள் பல்கலைக்கழகத்தைத் தேடிப் பாருங்கள். பாஸ்போர்ட்டையும் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டையும் பக்கத்தில் வைத்துப் பெயரை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். அடுத்த வாரத்துக்குள் ஏ1 வகுப்பில் சேருங்கள். சென்னைக்காரர்களுக்கு நுங்கம்பாக்கத்தில் ஜெர்மன் மொழி கற்றுத்தரும் மாக்ஸ் முல்லர் பவன் இருக்கிறது, வெளியூர்க்காரர்களுக்கு ஆன்லைன் வகுப்பும் உண்டு. விண்ணப்பத்துக்கு எந்தத் தேர்வுச் சான்றிதழை ஏற்பார்கள் என்று கேட்டுவிட்டு வகுப்புக்குப் பணம் கட்டுங்கள்.